அடிக்கட்டைக் காளானும் ஐப்பசித் தும்பியும்



ஐப்பசி மழை தொடங்கும் நாட்களில் மஞ்சள் தும்பிகள் கூட்டமாய்ச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நுகேகொடைப் பக்கத்துச் சதுப்பு நிலங்களிலும் வரும், மலைநாட்டுக்கும் வரும். நம்ம பிள்ளைகள் வாலில் நூல் கட்டி விளையாடுகிற தட்டாரப்பூச்சிதான். இன்னொரு பக்கம், நல்லாக் கொழுந்து கொடுத்த தேயிலைச் செடி ஒன்று திடீரென்று, இலை கூட உதிராமல் காய்ந்து நிற்கும். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுமே காற்றோடு வருபவை.

செடியைக் கொல்வது 'உஸ்டுலினா' என்ற காளான். கரி வேர்நோய் என்பார்கள். நிழல் மரத்தை வெட்டி அடிக்கட்டையை அப்படியே விட்டால், காற்றில் பறந்து வரும் இதன் வித்து அந்த வெட்டில் விழும். கண்ணுக்குத் தெரியாத தூள் அது. கட்டையைத் தின்று, வேர் வழியே இறங்கி, அந்த வேரைத் தொட்டுக்கொண்டிருக்கும் தேயிலை வேருக்குத் தாவும். ஒரு கட்டையைச் சுற்றி வட்டமாகச் செடிகள் சாவது அதனால்தான். தூரில் கரி போலக் கறுத்த பொருக்கு இருக்கும், தொட்டால் நொறுங்கும். பட்டையை உரித்தால் உள்ளே விசிறி மாதிரி வெள்ளைப் பூஞ்சணம். இலங்கைத் தேயிலையின் நோய்களைப் பற்றி தோமஸ் பெட்ச் என்பவர் 1923லேயே புத்தகம் எழுதியிருக்கிறார். புதிய தொல்லை அல்ல இது.

தும்பிக்கு மரம் வேண்டாம், தேங்கிய மழைத்தண்ணீர் போதும். முட்டையிட்டு ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சு வளர்ந்து பறந்துவிடும். தண்ணீரில் இருக்கும்போது நுளம்புப் புழுவைத் தின்னும். மாலைதீவில் குளமோ ஆறோ இல்லாத தீவுகளில் ஒவ்வொரு ஒக்டோபரிலும் இந்தத் தும்பி எப்படி வந்து இறங்குகிறது என்று சார்ல்ஸ் அண்டர்சன் என்ற ஆய்வாளர் யோசித்தார். இந்தியா, இலங்கைப் பக்கமிருந்து காற்றைப் பிடித்துக் கடல் தாண்டி ஆபிரிக்கா வரை போகிறது என்று 2009ல் எழுதினார். போய்த் திரும்ப 14,000 முதல் 18,000 கிலோமீற்றர்! ஒரே பூச்சி அல்ல, தலைமுறை தலைமுறையாக.

காளானையும் முழுக்கத் திட்ட மனசு வரவில்லை. காட்டில் விழுந்த மரத்தை மண்ணாக்குவது இந்த மாதிரிக் காளான்கள்தான். தோட்டத்தில் அதற்குத் தீனி வைப்பது நாம். விறகு அவசரத்தில் பச்சை மரத்தைச் சாய்த்துவிட்டுக் கட்டையை மறந்துவிடுகிறோம். விறகு நாலு நாளில் எரிந்து தீரும்; செடி செத்துக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் விழுவது நமக்குத்தான்.

மரத்தை வெட்டுமுன் பட்டையைச் சுற்றி வளையமாக உரித்து, மரம் தானாகக் காயும்வரை விட வேண்டும். வேரிலுள்ள மாச்சத்துத் தீர்ந்துபோனால் காளான் பிடிப்பது கஷ்டம். செடி செத்திருந்தால் கங்காணியிடம் சொல்லுங்க. வேரோடு தோண்டி எடுக்கும்போது விரல் தடிப்பு வேர்த்துண்டைக்கூட மண்ணில் விடக்கூடாது.