குஞ்சுகளுக்கு எத்தனை பாகை வெப்பம்? வெப்பமானியைச் சரிபார்ப்பீர்!

மார்கழி, தை மாதங்களில் உத்திரமேரூர் வட்டாரத்தில் இரவுக் குளிர் மிகும். தாய்க்கோழியின்றி வளரும் குஞ்சுகளுக்கு அப்போது புரூடரில் செயற்கை வெப்பம் அளிப்பது இன்றியமையாதது. முதல் வாரம் 95 பாகையும், பிறகு வாரந்தோறும் 5 பாகை குறைத்தும் வெப்பம் தர வேண்டும் என்பது நெடுநாளைய பரிந்துரை. இவை பாரன்ஹீட் பாகைகள். கையிலுள்ள வெப்பமானி சென்டிகிரேடு அளவினதாக இருந்தால் கணக்கு மாறும்.

அளவை மாற்றும் முறை

பாரன்ஹீட் அளவிலிருந்து 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுத்தால் சென்டிகிரேடு கிடைக்கும்.

95 – 32 = 63; 63 × 5 = 315; 315 ÷ 9 = 35.

சென்டிகிரேடைப் பாரன்ஹீட்டாக்க, 9ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்து, 32ஐக் கூட்ட வேண்டும்.

வாரந்தோறும் குறைக்கும் அளவுக்கு மட்டும் 32ஐக் கழிக்கக் கூடாது. 5 பாகை பாரன்ஹீட் குறைப்பது, ஏறத்தாழ 2.8 பாகை சென்டிகிரேடு குறைப்பதற்குச் சமம். இதை மறந்து வாரம் 5 பாகை சென்டிகிரேடு குறைத்தால், நான்காம் வாரத்தில் 27 பாகை இருக்க வேண்டிய இடத்தில் 20 பாகையே இருக்கும். குஞ்சுகள் குளிர் தாங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கி மடியும்.

வாரம் – பாரன்ஹீட் – சென்டிகிரேடு (ஏறத்தாழ)
முதல் வாரம் – 95 – 35
இரண்டாம் வாரம் – 90 – 32
மூன்றாம் வாரம் – 85 – 29.5
நான்காம் வாரம் – 80 – 27

சரிபார்க்கும் முறை

1. ஒரு டம்ளர் நிறைய ஐஸ் கட்டியைப் பொடித்துப் போட்டு, சிறிது தண்ணீர் ஊற்றிக் கலக்கவும். வெப்பமானியின் குமிழ் மட்டும் அதில் மூழ்கட்டும். டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. 5 நிமிடம் கழித்து 0 பாகை சென்டிகிரேடு, அதாவது 32 பாகை பாரன்ஹீட் காட்ட வேண்டும்.

2. வெதுவெதுப்பான நீரில், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியையும் வெப்பமானியின் குமிழையும் அருகருகே வைக்கவும். முன்னது 100 பாகை பாரன்ஹீட் காட்டும்போது பின்னது 38 பாகை சென்டிகிரேடு அளவில் நிற்க வேண்டும்.

வெப்பமானி 40 காட்டினால் அது 2 பாகை கூடுதலாகக் காட்டுகிறது என்று பொருள். புரூடரில் 37 காட்டும்போதே உண்மையில் 35 பாகை இருக்கும். இரு சோதனைகளிலும் பிழை வேறுபட்டால், புரூடர் வெப்பத்திற்கு நெருங்கிய வெந்நீர்ச் சோதனையின் பிழையையே கொள்ளவும். அதை ஒரு சீட்டில் எழுதி வெப்பமானியில் ஒட்டி வைப்பது நலம்.

காய்ச்சல் தெர்மாமீட்டரையே புரூடரில் தொங்கவிடலாகாது. குறைந்த வெப்பத்தை அது காட்டாது.

வெப்பமானியைப் புரூடரின் விளிம்பில், கூளத்திற்கு 2 அங்குல உயரத்தில் தொங்கவிட வேண்டும். குஞ்சுகளையும் கவனிக்கவும். விளக்கடியில் நெருக்கியடித்தால் வெப்பம் போதவில்லை. விலகி ஓடி வாய் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் அதிகம். எங்கும் பரவி இரை தின்றால் அளவு சரி.

புதிய குஞ்சுகள் வந்து இறங்குவதற்கு முதல் நாளே இச்சோதனையை முடித்துவிடுங்கள்.