கலம்காரி: பெயரும் துணியும்

சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022இல் பிரிந்த திருப்பதி மாவட்டத்தில், பொன்முகலி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது திருக்காளத்தி. அங்கே துணியில் கையால் வரையப்படும் ஓவியமே கலம்காரி. கலம் என்னும் பாரசீகச் சொல் எழுதுகோலைக் குறிக்கும். நம் மரக்கலமோ மட்கலமோ அன்று. மை பரவாதிருக்கக் கடுக்காயும் எருமைப் பாலும் ஊட்டிய துணியில், மூங்கில் எழுதுகோலால் கோடிடுவர். வெல்லமும் இரும்பும் நீரில் பல நாள் ஊறக் கரிய மை பிறக்கும். ஒவ்வொரு வண்ணத்திற்குப் பின்னும் துணியை அலசுதல் வேண்டும். ஆதலால் ஒரு சேலை முடிய வாரங்கள் ஆகும்.

நலிந்திருந்த இக்கலை, 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயா முதலியோர் முயற்சியால் மீண்டது. 2008இல் ஓவியர் குரப்பச் செட்டி பத்மஸ்ரீ விருது பெற்றார். புகழ் பெருகவே, ஆலையில் அச்சிட்ட துணிக்கும் அதே பெயரைச் சூட்டி விற்கலாயினர். விளம்பரம் கலையின் பெயரைப் பரப்பியது. கைவேலையின் அடையாளத்தைக் கற்பிக்கவில்லை. சில மணியில் அச்சாகும் துணியோடு ஓவியர் எவ்வாறு போட்டியிடுவார்? திருக்காளத்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு உண்டு. எனினும் கடையில் அதனைக் கேட்டு வாங்குவோர் சிலரே. கையால் வரைந்த கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். ஆலை அச்சிலோ ஒரே மயில் இம்மியும் மாறாது மீண்டும் மீண்டும் வரும்.