சாக்கெட் பொருந்தினால் போதுமா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போவதற்காகப் பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டையும் ப்ராசஸரையும் மாற்றிவிடலாமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்திருக்கிறது. இவை அடிக்கடி வாங்கும் பொருள்கள் அல்ல. பொருந்தாததை வாங்கிப் பெட்டியைப் பிரித்துவிட்டால் கடையில் திரும்ப எடுப்பது அரிது. பிள்ளையின் படிப்புக்கென்று சேர்த்த பணம் அரைகுறைத் தகவலால் வீணாகக் கூடாது.

நம்பிக்கை 1: விண்டோஸ் 11 ஏறவில்லை என்றால் போர்டை மாற்றியே ஆகவேண்டும்.

உண்மை: முதலில் ப்ராசஸரின் தலைமுறையைப் பாருங்கள். இன்டெல் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால், பெரும்பாலும் குறை டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் அணைந்திருப்பதுதான். இன்டெல் போர்டுகளில் பிடிடி, ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் அது இருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். செலவே இல்லாமல் வேலை முடியலாம்.

நம்பிக்கை 2: கம்ப்யூட்டர் மெதுவானால் ப்ராசஸர் பழசாகிவிட்டது என்று பொருள்.

உண்மை: டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ப்ராசஸர் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் தடை ஹார்டு டிஸ்க்கில்தான். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி அதன் முள் ஓயாமல் நகரவேண்டியிருக்கிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. எஸ்எஸ்டியைப் போட்டு, ராமை 8 அல்லது 16 ஜிபி ஆக்கினாலே அலுவலக வேலைக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் பல பழைய கம்ப்யூட்டர்கள் போதும். வீடியோ எடிட்டிங் போன்ற வேலையில் ப்ராசஸரே 100 சதவீதத்தைத் தொட்டால் அதை மாற்றுவதில் நியாயம் உண்டு.

நம்பிக்கை 3: ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் ஒன்றாக இருந்தால் எந்த ப்ராசஸரும் ஓடும்.

உண்மை: அதிகப் பணத்தை விழுங்கும் நம்பிக்கை இதுதான். இன்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட் 2015-இல் 6-ஆம் தலைமுறையோடு வந்தது. 7-ஆம் தலைமுறையும் அதிலேயே ஓடியது. 2017-இல் வந்த 8-ஆம் தலைமுறைக்கும் அதே சாக்கெட், அதே 1151 முனைகள். ஆனால் மின்சாரம் கொண்டுசெல்லும் முனைகளின் ஒதுக்கீடு மாறியது. 300 வரிசைச் சிப்செட் உள்ள போர்டு கட்டாயமானது. பழைய எச்110 போர்டில் ஐ5-8400 அழகாக உட்காரும், டிஸ்ப்ளே வராது.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் கதை வேறு. 2017-இல் வாங்கிய போர்டுகள் பலவற்றில் 2020-இல் வந்த ரைசன் 5000 வரிசை கூட ஓடும். ஆனால் பயாஸைப் புதுப்பித்த பிறகுதான். பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். கழற்றிய பிறகு நினைவு வந்தால், பல போர்டுகளில் மறுபடி அதையே மாட்டவேண்டியிருக்கும்.

எனவே சாக்கெட் பெயரை நம்பாதீர்கள். போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் பட்டியலைப் பாருங்கள். எந்த ப்ராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

நம்பிக்கை 4: ஐ7 என்றால் ஐ3-ஐவிட வேகம்.

உண்மை: ஒரே தலைமுறைக்குள் சரி. 2017-இன் ஐ7-7700கேயிலும் 2022-இன் ஐ3-12100இலும் நான்கு கோர்தான். பெரும்பாலான வேலைகளில் பின்னதே முந்துகிறது. கோட்டுக்குப் பின்வரும் 7, 12 என்ற தலைமுறை எண்ணைப் படிக்கப் பழகுங்கள். கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அந்த இன்டெல் ப்ராசஸரில் கிராஃபிக்ஸ் இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது.

நம்பிக்கை 5: போர்டும் ப்ராசஸரும் புதிது, மற்றதெல்லாம் பழசே போதும்.

உண்மை: ராம் முதலில் முரண்டு பிடிக்கும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 முனைகள்தான், ஆனால் வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில். 2022-இல் வந்த ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். இன்டெலின் எல்ஜிஏ 1700-இல் இரு வகைப் போர்டுகளும் உண்டு. டிடிஆர்4 வகையை எடுத்தால் பழைய ராமைக் காப்பாற்றலாம். எல்ஜிஏ 1151-க்கான கூலருக்கு எல்ஜிஏ 1700 போர்டில் துளை ஒத்துவராது. புதிய பிடிமானம் வேண்டும். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் ப்ராசஸருக்கான 8 முனை இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் ஆயத்த டெஸ்க்டாப்புகள் பலவற்றில் போர்டின் வடிவமும் மின் இணைப்பும் அந்நிறுவனத்துக்கே உரியவை; அந்தக் கேபினெட்டில் கடையில் கிடைக்கும் போர்டு உட்காராமல் போகலாம்.

நம்பிக்கை 6: போர்டை மாற்றினால் கட்டாயம் ஃபார்மட் செய்யவேண்டும்.

உண்மை: விண்டோஸ் 10, 11 இரண்டும் பெரும்பாலும் புதிய போர்டைத் தாமே அடையாளம் கண்டு திறந்துகொள்ளும். புதிதாக நிறுவுவது நல்லது, ஆனால் கட்டாயம் அல்ல. உண்மையான ஆபத்து வேறு. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கம்ப்யூட்டரில் போர்டு மாறினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது கையில் இல்லையென்றால் கோப்புகள் பூட்டியபடியே கிடக்கும். சாவியை முன்பே எழுதிவையுங்கள், முக்கியமானவற்றுக்கு நகலும் எடுங்கள். ஆயத்த கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு கட்டுண்டது; தனியாக வாங்கிய உரிமத்தையே புதியதற்கு மாற்றலாம்.

போர்டு, ப்ராசஸர், ராம் மூன்றும் சேர்ந்து ஒரே முடிவு. மூன்றின் முழு மாடல் எண்ணையும் தாளில் எழுதி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதை உறுதிசெய்த பிறகே பணத்தை எடுங்கள். பில்லில் ‘ஐ5 போர்டு செட்’ என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் முழுதாக இருந்தால்தான் நாளைக்கு வாரண்டி கேட்டு நிற்கும்போது உங்கள் பேச்சு எடுபடும்.