சுழல் அச்சும் ஊட்டு வேகமும்

பொறியியல் மாணவர்கள் சி.என்.சி. இயந்திரத்தைப் பாடத்தில் சந்தித்திருப்பீர்கள். எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று நேர் அச்சுகளில் வெட்டுக்கருவி முன்னேறும் வேகத்தை 'எஃப்' என்ற எழுத்துக்குப் பின் எழுதுகிறோம். இதுவே ஊட்டு வேகம். பட்டறையில் 'ஃபீட்' என்றால்தான் புரியும். எஃப்2000 என்றால் நிமிடத்திற்கு 2000 மில்லிமீட்டர். மரத்தைச் சுழற்றும் 'ஏ' என்ற நான்காம் அச்சைச் சேர்த்தவுடன் குழப்பம் தொடங்குகிறது. அந்த அச்சு மில்லிமீட்டரை அறியாது. அது அறிந்தது பாகை மட்டுமே.

கடைசல் வேலைப்பாடுள்ள மேசைக்கால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தளவாடத் தொழிலில் இருக்கும் எனக்கு இதுவே கைக்கு எட்டிய உதாரணம். மூவார் வட்டாரத் தொழிற்சாலைகளில் ரப்பர் மரம் பெருமளவில் புழங்குகிறது. நம் தாத்தா பாட்டிமார் பால் வெட்டிய மரங்களின் வாரிசுகள்தாமே இவை என்று சில வேளைகளில் நினைத்துக்கொள்வேன்.

காலின் வயிற்றுப்பகுதி 80 மி.மீ. விட்டம், கழுத்து 30 மி.மீ. எனக் கொள்வோம். மரம் நிமிடத்திற்கு 3600 பாகை, அதாவது பத்துச் சுற்று சுழல்கிறது. வயிற்றில் மரத்தின் மேற்பரப்பு நிமிடத்திற்கு 2513 மி.மீ. ஓடுகிறது; கழுத்தில் 942 மட்டுமே. இரண்டு வெட்டு விளிம்புள்ள கருவி 18,000 சுற்றில் ஓடினால், ஒவ்வொரு விளிம்பும் வயிற்றில் 0.07 மி.மீ. மரத்தைச் சீவுகிறது, கழுத்தில் 0.026 மி.மீ. மட்டுமே. அவ்வளவு மெல்லியதாகச் சீவும்போது கருவி வெட்டுவதைவிட உரசுவதே அதிகம். வெப்பம் சீவலோடு வெளியேறாமல் மரத்திலேயே தங்கிவிடுகிறது. வயிறு பளபளப்பாக இருக்க, கழுத்து மட்டும் கருகி நிற்பதன் காரணம் இதுதான். கருவியின் கூர்மையைக் குறை சொல்லிப் புதியது வாங்குவோரை நான் பார்த்திருக்கிறேன். புதிய கருவியும் சில நாளில் மழுங்கிவிடும்.

மேற்பரப்பில் 2000 மி.மீ. வேகம் வேண்டுமென்றால், வயிற்றில் நிமிடத்திற்கு 2865 பாகையும் கழுத்தில் 7639 பாகையும் சுழல வேண்டும். சுழல் மோட்டாரால் அந்த இரண்டாவது வேகத்தை எட்ட முடியுமா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேர் அச்சும் சுழல் அச்சும் ஒரே வரியில் சேர்ந்து நகரும்போதுதான் உண்மையான சிக்கல். விட்டம் 40 மி.மீ. உள்ள இடத்தில் எக்ஸ் 3 மி.மீ. நகர, ஏ 90 பாகை சுழல்கிறது. எஃப்2000 என்று எழுதியிருக்கிறோம். லினக்ஸ்சிஎன்சி கட்டுப்பாட்டகம் நேர் அச்சின் 3 மி.மீ. தூரத்தை மட்டுமே கணக்கில் கொள்ளும். அதன்படி 0.09 வினாடியில் கால் சுற்று முடிய வேண்டும்! பல மரச்சுழலிகளால் அது ஆகாது. ஆகவே, அச்சின் உச்சவேக வரம்புதான் அங்கே வேகத்தைத் தீர்மானிக்கும். வேறு சில கட்டுப்பாட்டகங்கள் பாகையையும் மில்லிமீட்டராகவே எண்ணி, மூன்றையும் தொண்ணூறையும் பிதாகரஸ் முறைப்படி சேர்க்கும். அப்போது 2.7 வினாடி ஆகும். மேற்பரப்பு வேகம் 701 மி.மீ. தான். நாம் கேட்ட 2000 இரண்டிலுமே கிடைக்கவில்லை. ஒரு இயந்திரத்தில் நன்றாக ஓடிய நிரலை இன்னொன்றில் அப்படியே ஏற்றக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வரி ஒன்றே என்றாலும் பொருள் வேறு.

இதற்குத் தீர்வு ஜி93 கட்டளை. இந்த முறையில் எஃப் வேகத்தைக் குறிக்காது. ஒரு நிமிடத்தில் அந்த அசைவை எத்தனை முறை செய்யலாம் என்பதையே குறிக்கும். எஃப்2 என்றால் அசைவு அரை நிமிடத்தில் முடியும். மேற்சொன்ன வரியில் கால் சுற்றின் வில் நீளம் 31.42 மி.மீ. அதையும் 3 மி.மீ. நகர்வையும் சேர்த்தால் உண்மைப் பாதை 31.56 மி.மீ. 2000ஐ அதனால் வகுத்தால் 63.4. ஆக, எஃப்63.4 என எழுதினால் அசைவு 0.95 வினாடியில் முடியும். மேற்பரப்பு வேகமும் நாம் விரும்பியதே. ஆரம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு வரிக்கும் எஃப் மதிப்பு மாறும். கையால் எழுதுவது வீண் வேலை. கேம் மென்பொருளின் போஸ்ட் புராசஸரே கணக்கிடட்டும். ஆனால், ஓரிரு வரிகளையாவது கால்குலேட்டரில் சரிபாருங்கள். அந்த மென்பொருளுக்கும் ஆரம் எதுவென்று யாரோ ஒருவர்தான் சொல்லியிருக்கிறார்.

கருவித் தலையே சாயும் ஐந்து அச்சு இயந்திரங்களில் கருவிமுனையைப் பின்தொடரும் வசதி உண்டு. ஹைடன்ஹைனில் எம்128, ஃபானுக்கில் ஜி43.4. அவை இயங்கும்போது எஃப் முனையின் வேகத்தையே குறிக்கும். ஆரக் கணக்கைக் கட்டுப்பாட்டகமே பார்த்துக்கொள்ளும்.

ஜி93 இயங்கும் வரை வெட்டும் வரி ஒவ்வொன்றிலும் எஃப் இருந்தாக வேண்டும். இல்லையேல் லினக்ஸ்சிஎன்சி பிழை காட்டி நின்றுவிடும். சுழல் வேலை முடிந்ததும் ஜி94 எழுதி நிமிடக் கணக்கிற்குத் திரும்பிவிட வேண்டும். அதை விட்டுவிட்டால், அடுத்து வரும் எஃப்2000 என்பதை இயந்திரம் 0.03 வினாடியில் முடிக்க வேண்டிய அசைவாக எடுத்துக்கொண்டு, தன்னால் இயன்ற உச்ச வேகத்தில் மரத்திற்குள் பாயும்.