மனசு படபடக்கும்போது என்ன செய்யலாம்?



குழுக் கூட்டங்களில் நாம் சேமிப்பு, உள்கடன், தவணை பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போதுதான் சிலர் மெதுவாக எங்களிடம் சொல்கிறார்கள். "மேடம், தவணைக்கு நாலு நாள் இருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்குது. ராத்திரி தூக்கமே வரல." இதற்குப் பெயர் பதற்றம். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

பதற்றம் ஏன் வருகிறது?

ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ நம் உடம்பு தயாராகிறது. அட்ரினலின், கார்டிசால் போன்ற சுரப்பு நீர்கள் ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், கை வியர்க்கும், வயிறு கலக்கும். நாய் துரத்தும்போது இது நல்லதுதான். ஆனால் தவணையை நினைத்தாலும் உடம்பு இதையேதான் செய்கிறது. இது பைத்தியமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை.

முதல் பழக்கம்: நம்மை நாமே திட்டாமல் இருப்பது

"எனக்குத் துப்பில்லை, எல்லாம் என் தப்புதான்" என்று மனசுக்குள் திட்டத் திட்ட பதற்றம் கூடும். இதே கஷ்டத்தோடு குழுவில் ஒரு அக்கா அழுதால் அவரைத் திட்டுவோமா? தண்ணீர் கொடுத்து, "விடுங்கக்கா, பார்த்துக்கலாம்" என்போம். அந்த வார்த்தையை நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-ல் இதை மூன்று பகுதிகளாக விளக்கினார்.

1. நம்மிடம் நாம் அன்பாக இருப்பது.
2. கஷ்டம் எனக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் உண்டு என்று உணர்வது.
3. மனசில் இருப்பதை மறைக்காமல், பெரிதாக்காமல் உள்ளபடி கவனிப்பது.

இரண்டாவது பழக்கம்: கைக்கு ஒரு வேலை

புள்ளிக் கோலம் போடும்போது கவனித்திருக்கிறீர்களா? புள்ளி தப்பக் கூடாது என்ற கவனத்தில் மற்ற நினைப்பு பின்னால் போய்விடும். வயர் கூடை, பூத்தையல், பூ கட்டுவது எல்லாமே அப்படித்தான்.

கிரிஜா கைமல் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது. 39 பேர் 45 நிமிடம் படம் வரைவது, களிமண்ணில் உருவம் செய்வது போன்றவற்றைச் செய்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு கார்டிசால் குறைந்திருந்தது. முன்அனுபவம் இல்லாதவர்களுக்கும் குறைந்தது. அதனால் "எனக்கு நல்லா வராதே" என்று தயங்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இது விற்பனைக்கான ஆர்டர் வேலையாக இருக்கக் கூடாது. ஆர்டர் என்றால் எண்ணிக்கையும் கெடுவும் கூடவே வந்துவிடும். தினமும் கால் மணி நேரம், நமக்காக மட்டும் செய்வோம்.

"வீட்டு வேலைக்கே நேரம் பத்தல, இதுல கோலமா?" என்று கேட்பீர்கள். கோலம் போட்டால் தவணை தீராது, உண்மைதான். ஆனால் மனசு கொஞ்சம் அடங்கினால்தான், "இந்த மாசம் எனக்குக் கஷ்டம்" என்று கெடு தேதிக்கு முன்பே குழுவில் வாய் திறந்து சொல்ல முடியும். பயந்துகொண்டு கூட்டத்துக்கே வராமல் இருந்தால், அல்லது கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டினால், கஷ்டம் இரண்டு மடங்கு ஆகும்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை, அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். யாராவது அப்படிச் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்து பார்க்க:

• ஒவ்வொருவரும் தனக்குப் பதற்றம் தரும் ஒன்றைச் சொல்லலாம். விருப்பம் இல்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம். கேட்டதை வெளியே பேச வேண்டாம்.
• பக்கத்தில் இருப்பவர் அவருக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்ல, அதை அவரே தனக்குத் திருப்பிச் சொல்லிக்கொள்ளட்டும்.
• கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு கோலம் போடுங்கள்.

கடனுக்குக் கணக்கு எழுதுகிறோம். மனசின் பாரத்தையும் கொஞ்சம் பகிர்ந்துகொள்வோம்!