மோதிரம் யார் கையிலிருந்து யார் கைக்கு?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

   

முன்னுரை

நிச்சயதார்த்தம் என்றாலே இன்று மோதிரம் மாற்றும் நிகழ்ச்சி என்றாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு எத்தனை கிராம், பெண்ணுக்கு எத்தனை கிராம் என்பது முதலிலேயே பேசி முடிக்கப்படுகிறது. இது கூடுமா, கூடாதா என்று பலரும் கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. மோதிரம் அணிவதில் சுன்னத்தும் இருக்கிறது, ஹராமும் இருக்கிறது. எந்த உலோகம், யார் அணிவது, என்ன நம்பிக்கையோடு அணிவது, யார் பணத்தில் வாங்குவது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும்.

நபியவர்களின் மோதிரம்

நபி (ஸல்) அவர்கள் பிற நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அப்போது வெள்ளியில் ஒரு மோதிரம் செய்து, அதில் முஹம்மத், ரசூல், அல்லாஹ் என்ற சொற்களை மூன்று வரிகளாகப் பொறிக்கச் செய்தார்கள். அவர்களுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோர் அதை வைத்திருந்தார்கள். உஸ்மான் (ரலி) காலத்தில் அரீஸ் என்ற கிணற்றில் அது விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் தேடியும் கிடைக்கவில்லை. இந்தச் செய்திகள் புகாரியில் இடம்பெற்றுள்ளன.

எனவே ஆண்கள் வெள்ளி மோதிரம் அணிவது ஆகும். அதைச் சுண்டு விரலில் அணிவது சுன்னத். ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் அணிய வேண்டாம் என்று நபியவர்கள் தம்மைத் தடுத்ததாக அலி (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது.

இரும்பு மோதிரமாவது உண்டா?

திருமணத்தோடு சேர்த்து மோதிரம் பேசப்படும் மிக முக்கியமான ஹதீஸை ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது இருக்கிறது.

ஒரு பெண்மணி நபியவர்களின் சபைக்கு வந்து, தம்மை அவர்களுக்கு மணமுடித்துத் தர முன்வந்தார். நபியவர்கள் பதில் ஏதும் சொல்லாமல் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். சபையிலிருந்த ஒரு தோழர் எழுந்து, தங்களுக்குத் தேவையில்லை என்றால் எனக்கு மணமுடித்துத் தாருங்கள் என்று கேட்டார். அவருக்குக் கொடுக்க உன்னிடம் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் விசாரித்தார்கள். வீட்டில் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். இரும்பு மோதிரமாவது கிடைக்குமா பார் என்று மறுபடியும் அனுப்பினார்கள். அதுவும் கிடைக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த வேட்டி ஒன்றுதான் அவரிடம் இருந்தது. அதில் பாதியைத் தருவதாகச் சொன்னார். நீ உடுத்தினால் அவருக்கில்லை, அவர் உடுத்தினால் உனக்கில்லை, அதை வைத்து என்ன செய்வது என்று நபியவர்கள் கேட்டார்கள். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போன அவரைத் திரும்ப அழைத்து, அவருக்கு மனப்பாடமாக இருந்த குர்ஆன் சூராக்களுக்காக அந்தப் பெண்ணை மணமுடித்துக் கொடுத்தார்கள்.

மஹர் எவ்வளவு குறைவாக இருக்கலாம் என்பதற்கு இந்த ஹதீஸை எடுத்துச் சொல்வோம். மஹருக்குக் குறைந்தபட்ச அளவு கிடையாது, விலை மதிப்புள்ள எதுவும் மஹராகலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹப். குறைந்தது 10 திர்ஹம், அதாவது சுமார் 30 கிராம் வெள்ளி என்பது ஹனஃபி மத்ஹப்.

ஆனால் இதில் இன்னொரு பாடம் இருக்கிறது. உன்னிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி அந்த ஆணிடம் கேட்கப்பட்டது. ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. நீ என்ன கொண்டு வருவாய் என்று அந்தப் பெண்ணிடம் ஒருமுறைகூடக் கேட்கப்படவில்லை. வேட்டியைத் தவிர எதுவுமில்லாத ஏழை மாப்பிள்ளை. அப்போதும் அவர்தான் கொடுக்க வேண்டியவர். அந்த மோதிரம் ஆணின் கையிலிருந்து பெண்ணின் கைக்குப் போக வேண்டியது.

திசை மாறிய மோதிரம்

இன்று நம் ஊர்களில் என்ன நடக்கிறது? நிக்காஹ் தஃப்தரில் சில ஆயிரம் ரூபாய் மஹர் என்று எழுதுகிறோம். அந்த மாப்பிள்ளையின் விரலில் பெண் வீட்டார் போட்ட மோதிரத்தின் விலை அந்த மஹரைவிடப் பல மடங்கு அதிகம். கணக்குப் பார்த்தால் யார் யாருக்கு மஹர் கொடுத்திருக்கிறார்கள்?

நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே போடுகிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். போடாமல் விட்டால் நாளை தன் மகளுக்குச் சொல் கேட்க வேண்டி வரும் என்ற பயத்தில் போடுவது அன்பளிப்பு ஆகாது. வாய் திறந்து கேட்டால்தான் கைக்கூலி என்று எண்ண வேண்டாம். மகளின் கம்மலை அடகு வைத்து மருமகனுக்கு மோதிரம் வாங்கும் தந்தையின் மனப்பொருத்தம் எப்படிப்பட்டது என்பதை அல்லாஹ் அறிவான்.

பெண்களுக்கு மஹரை மனமுவந்து கொடுத்துவிடுங்கள் என்று ஆண்களுக்குத்தான் அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:4). பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதைத் திரும்ப எடுக்காதீர்கள் என்று எச்சரிப்பதும் ஆண்களைத்தான் (4:20).

ஆணுக்குத் தங்கம்

வலக்கையில் பட்டையும் இடக்கையில் தங்கத்தையும் பிடித்துக்கொண்டு, இவ்விரண்டும் என் உம்மத்தின் ஆண்களுக்கு ஹராம் என்று நபியவர்கள் அறிவித்த ஹதீஸ் அபூதாவூதிலும் நஸயீயிலும் உள்ளது. நிச்சயதார்த்த மோதிரம் என்பதால் இதில் சலுகை கிடையாது.

ஒருவரின் கையில் தங்க மோதிரத்தைக் கண்ட நபியவர்கள் அதைக் கழற்றி வீசிவிட்டு, நெருப்புக் கங்கைக் கையில் வைத்துக்கொள்வதற்கு ஒப்பிட்டார்கள். அவர்கள் சென்ற பிறகு, அதை எடுத்து வேறு விதத்தில் பயன்படுத்திக்கொள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். விற்றுக்கொள்ள அவருக்கு அனுமதி இருந்தது. ஆனாலும் அல்லாஹ்வின் தூதர் வீசியதை நான் எடுக்க மாட்டேன் என்று அந்தத் தோழர் போய்விட்டார். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி முஸ்லிமில் உள்ளது.

இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளைத் தங்கம் என்று கடைகளில் விற்பதும் தங்கம்தான். 18 காரட் வெள்ளைத் தங்கத்தில் நான்கில் மூன்று பங்கு தங்கமே இருக்கிறது. மற்ற உலோகம் கலந்து நிறம் மாற்றியிருக்கிறார்கள். நிறம் மாறினால் சட்டம் மாறாது. பிளாட்டினம் வேறு உலோகம். ஆனாலும் ஹனஃபி மத்ஹபில் ஆணுக்கு வெள்ளி மோதிரம் மட்டுமே ஆகும். அதுவும் ஒரு மிஸ்காலுக்குள், சுமார் 4.37 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

மோதிரம் மனங்களை இணைக்குமா?

நிச்சயத்திற்கு மோதிரம் தரும் பழக்கம் ரோமானியரிடம் இருந்தது. நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்குக் கல் பதிக்காத இரும்பு மோதிரம் அனுப்பும் வழக்கத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி பதிவு செய்திருக்கிறார். சுண்டு விரலுக்கு அடுத்த விரலிலிருந்து இதயத்துக்கு ஒரு மெல்லிய நரம்பு போவதாக எகிப்தியர் நம்பியதை, இரண்டாம் நூற்றாண்டில் ஆலஸ் ஜெல்லியஸ் எழுதினார். அந்த விரலுக்கென்று அப்படித் தனி நரம்பு எதுவும் கிடையாது. பின்னர் கிறிஸ்தவத் திருமணச் சடங்கிலும் மோதிரம் இடம்பிடித்தது. வைர மோதிரம் கொடுத்தால்தான் அன்பு என்ற எண்ணத்தை இருபதாம் நூற்றாண்டில் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்தின் விளம்பரங்கள் பரப்பின.

இது பிற சமயத்தாரின் சடங்கு, ஆகவே அறவே தவிர்க்க வேண்டும் என்பது சில உலமாக்களின் கருத்து. சடங்காகக் கருதாமல் அன்பளிப்பாகக் கொடுத்தால் குற்றமில்லை என்று சொல்வோரும் உண்டு. ஆனால் மோதிரம் கழன்றால் உறவு முறியும், தொலைந்தால் கெட்ட சகுனம் என்று நம்புவது கூடாது என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. கணவன் மனைவிக்கிடையே அன்பையும் கருணையையும் ஏற்படுத்துபவன் அல்லாஹ் (30:21).

நிச்சயம் நிக்காஹ் அல்ல

பெண் பேசி முடிப்பதற்கு கித்பா என்று பெயர். அது வாக்குறுதி மட்டுமே. அதை மதிக்க வேண்டும். ஒருவர் பெண் பேசியிருக்கும்போது அதன் மேல் இன்னொருவர் பெண் பேசக் கூடாது என்று நபியவர்கள் தடுத்துள்ளார்கள். மணக்கப் போகும் பெண்ணைப் பார்த்துக்கொள்ளும்படி முகீரா (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள். பார்க்க அனுமதி உண்டு. தொட அனுமதி இல்லை. பைஅத் வாங்கும்போதுகூட நபியவர்களின் கை எந்த அந்நியப் பெண்ணின் கையையும் தொட்டதில்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆகவே மாப்பிள்ளை பெண்ணின் விரலைப் பிடித்து மோதிரம் போடுவது ஹராம். மாப்பிள்ளையின் தாயோ சகோதரியோ போட்டுவிடட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: பெண்ணுக்குக் கொடுக்கும் மோதிரம் மஹரில் சேர்ந்ததா, அன்பளிப்பா என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மஹர் என்றால் எடையோடு தஃப்தரில் எழுதுங்கள். நாளை பிரச்சினை வந்தால் இதுதான் பெரிய சண்டையாகிறது. நிக்காஹ் நடக்காமல் போனால், மஹராக முன்கூட்டிக் கொடுத்தது திரும்பக் கொடுக்கப்பட வேண்டும்.

இரண்டு: மாப்பிள்ளை வீட்டார், எங்கள் பிள்ளைக்குத் தங்கம் போட வேண்டாம் என்று முதல் பேச்சிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெண் வீட்டார் வாய் திறந்து சொல்ல முடியாத இடம் அது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மூன்று: ஏற்கெனவே தங்க மோதிரம் வாங்கி அணிந்திருக்கும் சகோதரர்களே! இன்றே கழற்றுங்கள். கடலில் வீச வேண்டியதில்லை. மாமனாரிடம் கொண்டுபோய், மாமா, இது எனக்கு ஆகாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுங்கள். எத்தனையோ வீடுகளில் அந்த மோதிரத்தின் கடன் இன்னும் அடையாமல் இருக்கிறது. உங்கள் மனைவி தன் தந்தையின் முகத்தில் காணும் நிம்மதி எந்த நகையிலும் கிடைக்காது.

முடிவுரை

அந்தத் தோழரிடம் இரும்பு மோதிரம்கூட இல்லை. ஆனாலும் கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று வீட்டுக்கும் சபைக்கும் நடந்தார். நம் பிள்ளைகளையும் அப்படிக் கொடுக்கப் போகிறவர்களாக வளர்ப்போம். கை நீட்டி உட்காருபவர்களாக வளர்க்க வேண்டாம்.

நம் பிள்ளைகளின் திருமணங்களை எளிமையானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் அல்லாஹ் ஆக்குவானாக! வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் மனத்தையும், கடனில் தவிக்கும் தந்தையருக்கு விடுதலையையும் தருவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.