கலுங்கை இப்போது அடைக்காதீர்கள், மார்கழிக் கடைசிவரை பொறுங்கள்

ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கண்மாய்ப் பாசன ஊர்களுக்கு: புரட்டாசி முதல் வாரம்

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் மூன்று, நான்கு வாரம் இருக்கிறது. மழை கூடுமா குறையுமா என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட, இரண்டுமே வரும் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. 2015 டிசம்பரில் தமிழ்நாடு வெள்ளத்தில் தத்தளித்தது. அடுத்த ஆண்டே பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையே 80 செ.மீ. சொச்சம்தான். கார்த்திகையில் கரை உடைந்து ஓடும் தண்ணீர்தான், தை பிறக்கும்போது கதிருக்கு ஒரு நனைப்புக்குக்கூட இல்லாமல் போகிற தண்ணீர்.

ஆகவே முதல் வேலை கரை. நீர்பாய்ச்சியையும் இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, இந்த வாரமே கரை முழுவதும் நடந்து பாருங்கள். எலி வளை, நண்டு வளை, வண்டி ஏறி இறங்கித் தாழ்ந்த இடம், மடையை ஒட்டிய விரிசல் ஆகியவற்றில் ஈரமண்ணை அடுக்கடுக்காகப் போட்டுக் கெட்டிப்படுத்துங்கள். காய்ந்த மண்ணைக் கொட்டிவிட்டுப் போனால் முதல் மழையே கரைத்துவிடும். வரத்துக்காலில் சீமைக்கருவேலத்தை வெட்டுங்கள். ஆனால் கரையில் வேர்விட்ட பெரிய மரத்தை இப்போது தூரோடு பிடுங்க வேண்டாம். அந்தக் குழி இறுகுவதற்குள் மழை வந்துவிடும். கரையை ஒட்டி மண் அள்ளுவதும் கூடாது. வண்டல் எடுப்பது கோடைக்கான வேலை.

அடுத்தது கலுங்கு. அதன்மேல் வரிசையாக நட்டிருக்கும் கற்கள் எதற்கு என்று இளவட்டங்களிடம் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. பெருமழை ஓய்ந்தபின், அந்தக் கற்களுக்கு நடுவே பலகையோ புல்லும் களிமண்ணுமோ வைத்து அடைத்து, கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீரை நிறுத்தத்தான் அவற்றை நட்டார்கள். இப்போது பல ஊர்களில் ஐப்பசி முதல் மழைக்கே மணல்மூட்டையை அடுக்கிவிடுகிறார்கள். போன தடவை கண்மாய் நிறையாத பயம், புரிகிறது. ஆனாலும் அது தப்பு. மறுகால் பாய வழியில்லாத தண்ணீர் கரைமேல்தான் ஏறும். 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்தது மார்கழி பிறந்தபின்தான். எனவே மார்கழிக் கடைசியில், மறுகால் நின்று, புயல் சின்னம் எதுவும் இல்லை என்று தெரிந்தபின், நீர்வளத் துறைக்கோ ஒன்றியப் பொறியாளருக்கோ சொல்லிவிட்டு அடையுங்கள். மறுபடி மழை எச்சரிக்கை வந்தால் எடுத்துவிடுங்கள்.

உள்வாயில் பயிர் வைத்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கரையை வெட்டுவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். போலீஸுக்குப் போவதற்கு முன், இப்போதே ஊர்க்கூட்டம் போட்டு, எந்த மட்டம்வரை தண்ணீர் நிற்கும் என்று கல் நட்டுக் காட்டிவிடுங்கள். மறுகால் பாய ஆரம்பித்ததும் கீழ்க் கண்மாய்க்காரர்களுக்குப் போன் போகவேண்டும். அவர்கள் நம்பர் நீர்பாய்ச்சியிடம் இருக்கிறதா?

மழைக்காலத்தில் கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் கசிந்தால் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைமண் அரிக்கிறது என்று அர்த்தம். அந்த வாயில் துணியை அடைக்காமல், கசிவைச் சுற்றி மணல்மூட்டையால் வட்டம் கட்டித் தண்ணீரை உள்ளே ஏறவிடுங்கள், அரிப்பு தணியும். உடனே 1077க்குச் சொல்லுங்கள்.

புழுதி விதைப்புக்குப் பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்து அண்ணா 4 ஏற்றது. 100 முதல் 105 நாளில் வந்துவிடும், வறட்சியும் தாங்கும். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்த நீரில் விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதையுங்கள். வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் சி.ஆர். 1009 சப் 1 பற்றிச் சிலர் கேட்கிறார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் தண்ணீர் கேட்கும் அந்த ரகம் டெல்டாவுக்குச் சரி, மானாவாரிக்கு வேண்டாம்.

மாட்டுத் தீவனத்துக்கான வைக்கோல் படப்பை மேட்டில் போட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கைச் சித்திரை வரை தொடாதீர்கள். ஊருணியின் வரத்துக்காலில் சாக்கடை சேராமல் இப்போதே திருப்பிவிடுங்கள்.

கடைசியாக, வாய்ப்பேச்சில் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர்கள். வெள்ளமோ வறட்சியோ, நிவாரணமும் காப்பீடும் காகிதம் இருப்பவருக்கே போகிறது. நிலத்துக்காரர் ஒப்புதலோடு கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் பிரீமியம் கட்டிவிடுங்கள். விதைத்த கையோடு போங்கள். கடைசித் தேதியன்று பொதுச் சேவை மையத்தில் சர்வர் படுத்துவிடுவது வழக்கம்.